பல்லில்லாத பூண்டு

பசறை ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் ஒரு களைப் பூண்டு நின்றது. நின்றது என்று சொல்வதே அதற்குப் பெரிய மரியாதை. முழங்கால் உயரம், மஞ்சள் பொட்டுப் போலப் பூ, யாரும் நின்று பார்க்காத சாதி. பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் எந்த ரோட்டோரத்திலும் இதே பூண்டு காடாய்க் கிடக்கிறது. காய்ந்தால் கறுப்பு ஊசி போல விதை வரும். விதையின் தலையில் இரண்டு மூன்று முள் இருக்கும். அந்த முள்தான் சேலையிலும் காற்சட்டையிலும் நாய் வாலிலும் தைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. தோட்டத்தில் கேட்டால் சிலர் ஒட்டுப்புல் என்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் புல்லு. தேயிலையைத் தவிரத் தரையில் முளைக்கிற எல்லாமே இங்கே புல்லுதான். வெட்டுவதற்கென்றே முளைத்தது.

புத்தகத்தில் அதன் பெயர் பைடென்ஸ் பிலோசா. பைடென்ஸ் என்றால் இரண்டு பல். விதையின் முள்ளைத்தான் பல் என்கிறார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், தாவரவியல் பட்டதாரி, பெயர் ஜீவராணி. சொந்த இடம் கொஸ்லந்தப் பக்கம். அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்த காம்பரா அறையில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கட்டார் நாட்டில். தீபாவளிக்குப் போனில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான், அதுவும் ஊருக்கெல்லாம் அனுப்புகிற அதே படம்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஆசிரியர் விடுதியில் இருக்கிறேன். நாலு பேருக்கென்று கட்டிய விடுதி. மற்றவர்கள் கல்யாணமாகியோ மாற்றலாகியோ போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சு எனக்கும் வந்தது, போனது. நாற்பதைத் தாண்டியதும் கேட்கிறவர்களும் ஓய்ந்தார்கள். நிம்மதி என்று சொல்லிக்கொள்வேன். அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் தொல்லை.

ஒருநாள் அந்த வளைவில் பஸ்ஸுக்காக நின்றபோது தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று உரசுகிற மாதிரி வந்தது. ஒதுங்கிப் பூண்டுக்குள்ளேயே இறங்கிவிட்டேன். போச்சு, இனி பதுளை வரைக்கும் சேலையில் முள் பொறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான் என்று எரிச்சலோடு குனிந்தால் ஒன்றுமே ஒட்டவில்லை. அதே பூண்டு, அதே கறுப்பு விதை. ஒரு விதையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். தலை மொட்டையாக இருந்தது. பல்லே இல்லை. பூண்டுக்கு அந்தப் பெயரே பல்லால் வந்தது, இதற்குப் பல் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லாமல் போனது. ஹாலிஎலவில் பார்த்தேன், பசறைச் சந்தை வாசலில் பார்த்தேன், ரயில் பாதை ஓரமாக நடந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் பல்லோடுதான். பல்லில்லாதது எங்கள் வளைவில் மட்டும், மதகுக்கு இந்தப் பக்கம், ஒரு பஸ் நிற்கிற நீளத்துக்கு. அதற்குக் காரணமும் புரிந்தது. பல் இல்லாத விதை யாரிலும் ஒட்டாது. ஒட்டாத விதை எங்கேயும் போகாது. தாயின் காலடியிலேயே விழுந்து அங்கேயே முளைக்கும். பால்மா டின்னில் மண் போட்டு விதைத்துப் பார்த்தேன். வந்த செடியும் மொட்டையாகவே காய்த்தது. ஆக, நோயில்லை, வறட்சியில்லை, பிறவியே அப்படி. இது புது இனம் என்று எனக்குத் தோன்றிய அந்தப் பின்னேரம் விடுதியில் தனியாக நின்று கைதட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தமாகவே தட்டினேன்.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டவர்களுக்கு உண்டு. தன் பெயரையே வைத்துக்கொள்வது அழகில்லை. மனைவியின் பெயரை வைப்பார்கள், குருவின் பெயரை, கூடவே காடு மேடு அலைந்த சிநேகிதனின் பெயரை வைப்பார்கள். நானும் ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். படிப்பித்தவர்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்காது. சிநேகிதிகளோடு பேசி வருசக்கணக்காகிறது. அண்ணன் பெயரை வைக்கலாம் என்றால், அதைச் சொன்னாலும் அவன் அந்த வாழ்த்துப் படத்தைத்தான் பதிலுக்கு அனுப்புவான். கடைசியில் ஊவென்சிஸ் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். பைடென்ஸ் ஊவென்சிஸ். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பேன். நன்றாகத்தான் இருந்தது.

படங்களையும் விதைகளையும் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் றுஷ்திக்கு அனுப்பினேன். பூண்டுகளில் அவர் கை தேர்ந்தவர். உடனே பதில் வந்தது. படத்தையும் டின் செடியையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பல் உள்ளதும் இல்லாததும் ஒரே இடத்தில் நின்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் அது தனி இனம். நடுவில் கலப்புச் செடி நின்றால், பழைய பூண்டின் ஒரு வேறுபாடு மட்டும்தான். அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாக மொனராகலைக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். இதைவிட்டால் இன்னொரு தடவை கிடையாது என்பது எனக்கு விளங்கியது.

வேன் நிறுத்த இடம் வேண்டும். வளைவுக்குப் பக்கத்தில் கோவில் வெளி இருக்கிறது. அதன் சங்கிலியைத் திறந்துவிடச் சொல்லித் தோட்டத்துத் தலைவர் இராமையாவிடம் போனேன். அவர் தொழிற்சங்கத் தலைவர். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது.

"ஸ்கூலுக்கு வர்றாங்களா டீச்சர்?"

"இல்ல, என்னோட வேலையாத்தான் வர்றார். கண்டியில இருந்து ஒரு பெரியவர்."

"ஓ, ஒங்களுக்காக வர்றாங்களா?" என்று அவர் முகம் மலர்ந்தது. மேலே ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் புல்லு வெட்டிய மனிதரிடம் போய், ஒருத்தர் கண்டியிலிருந்து புல்லைப் பார்க்க வருகிறார் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குத் தோட்டமே சிரிக்கும். அதனால் சும்மா வந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடுதியைக் கழுவித் துடைத்தேன். ஞாயிறு காலையில் பதுளைக்குப் போய்ப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டாக்டரின் வேனில் ஏறிக்கொண்டேன். மெலிந்த மனிதர், வெள்ளைத் தாடி, முழங்கால் வலி. வழியெல்லாம் என் செடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். இலையின் ஓரம் எப்படி, பூ எந்த மாதம், தேனீ வருமா, வண்ணத்துப்பூச்சி வருமா. நான் பேசினேன், பேசினேன், தொண்டை கட்டும் மட்டும் பேசினேன். அந்தப் பூண்டைப் பற்றி ஒரு மனிதரிடம் வாய்விட்டுப் பேசுவது அதுவே முதல் தடவை. பசறை ரோட்டு வளைவுகள் இன்னும் கொஞ்சம் கூட இருக்கக் கூடாதா என்று இருந்தது.

எங்கள் வளைவில் வேன் திரும்பியது. எனக்கு இடம் தெரியவில்லை. வேறெங்கோ வந்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ரோட்டோரம் முழுக்கச் செம்மண்ணாக இருந்தது. மதகிலிருந்து கோவில் வெளி வரைக்கும் ஒரு புல் இல்லை, மண்வெட்டியால் வழித்துத் தள்ளியிருந்தார்கள். ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. பெரிய துரை தோட்டம் பார்க்க வரும்போது ரோட்டைச் சிங்காரிப்பார்களே, அதே சிங்காரம். கோவில் வெளியில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். சிலர் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். சிலருடைய இடுப்பில் இன்னும் படங்கு இருந்தது, கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் கட்டுகிற அந்தச் சாக்குத் துணி. முன்னால் இராமையா வெள்ளைச் சட்டையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

நான் ஓடும் வேனிலிருந்து இறங்காத குறைதான்.

"யார் இத வெட்டச் சொன்னது?" என்று கத்தினேன். "ஒங்கள யார் வெட்டச் சொன்னது? கேட்டீங்களா? ஒரு வார்த்த என்கிட்ட கேட்டீங்களா?"

இராமையாவின் கை கும்பிட்டபடியே நின்றது. ஜெயலெட்சுமிதான் முன்னால் வந்தாள். வளைவுக்கு மேலே முதல் லயத்தில் இருக்கிறவள், அவள் மகள் என்னிடம் படிக்கிறாள்.

"ஒங்களத் தேடி ஆளு வர்றாங்கன்னு தலைவரு சொன்னாரு டீச்சர். நீங்க பஸ் ஏறிப் போனதும் எறங்கி வெட்டுனோம். ரோடு காடா கெடந்துச்சு..."

"அந்தக் காட்டத்தான் அவர் பார்க்க வந்தார்! அந்தப் புல்லத்தான்!"

சொன்ன பிறகு யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாள், சம்பளம் இல்லாத வேலை. அதெல்லாம் எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. தோன்றியும் ஆத்திரம் அடங்கவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டாக்டர் றுஷ்தி வேனிலிருந்து மெதுவாக இறங்கி வந்து செம்மண்ணைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்தார்.

"வெட்டினத எங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

"பள்ளத்துல தள்ளிட்டோங்க."

"எரிக்கலையே?"

"இல்லீங்க, பச்சையா இருக்குதுங்களே."

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. மேல கொண்டு வாங்க. மிஸ், எழும்புங்க. வேரோட கிடக்கிற செடி, நிக்கிற செடியவிட லேசு. எனக்குக் குனியத் தேவையில்ல."

அவர்கள் பள்ளத்தில் இறங்கினார்கள். பூ வைத்த பெண்களும் இறங்கினார்கள். அள்ளி அள்ளி மேலே கொண்டுவந்து கோவில் வெளியில் குவித்தார்கள். ஜெயலெட்சுமி தன் படங்கை அவிழ்த்து விரித்தாள், மற்றவர்களும் விரித்தார்கள். டாக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, பல் உள்ள விதை ஒன்றையும் இல்லாத விதை ஒன்றையும் உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். பல் உள்ள செடியை அந்தப் படங்கில் போடுங்கள், மொட்டையை இந்தப் படங்கில் போடுங்கள், வேறு மாதிரி ஏதாவது கண்டால் என்னிடம் தாருங்கள் என்றார். வேலை தொடங்கியது. சிரிப்பும் கேலியும் திரும்பி வந்தது. "ஏய், இது ஒன் மாமியாருடீ, பல்லே இல்ல" என்று ஒருத்தி மொட்டையைத் தூக்கிக் காட்டினாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன். மொட்டைக் குவியல் வளர வளர எனக்கு உயிர் வந்தது. எத்தனை செடி! நான் நினைத்ததைவிட அதிகம். அரை மணித்தியாலம் போல என் வாழ்க்கையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஜெயலெட்சுமிதான் முதலில் கொண்டுவந்தாள்.

"டீச்சர், இத எதுல போடுறது? இதுக்கு ஒத்தப் பல்லு."

வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முள், மறுபக்கம் மொட்டை.

"பல் ஒடஞ்சிருக்கு" என்றேன். "பல் உள்ளதுல போடு."

"எல்லா விதையும் இப்புடித்தான் இருக்கு டீச்சர். எல்லாமா ஒடஞ்சிருக்கும்?"

"வெட்டி இழுத்ததுல ஒடஞ்சிருக்கும். போடு."

டாக்டர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்து அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்தார். முள் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த காயம் இல்லை. தோல் வழவழப்பாக மூடியிருந்தது. அங்கே ஒருநாளும் பல் முளைத்ததில்லை.

"இது ஒண்ணுதானே" என்றேன்.

"பார்ப்போம்" என்றார்.

பார்த்தோம். ஜெயலெட்சுமி மூன்றாவது படங்கை விரித்தாள். தான் ஏதோ நல்ல காரியம் செய்கிறோம் என்று அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். "இந்தாங்க டீச்சர், இன்னொரு ஒத்தப் பல்லு! இந்தாங்க, இதுல பல்லு குட்டையா இருக்கு!" என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒற்றைப் பல், அரைப் பல், ஒரே செடியில் பல் உள்ள விதையும் இல்லாத விதையும். கொண்டுவராதீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த என்ன காரணம் சொல்வது? அவர்கள் சரியாகத்தான் பிரித்தார்கள். மூன்றாவது குவியல் மற்ற இரண்டையும் எட்டிப் பிடித்துவிட்டது.

அந்த ஒற்றைப் பல் விதைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உடைந்தது என்று சொல்லி வீசினேன். என்னிடமேதான் சொன்னேன், நானே தலையாட்டினேன். பக்கத்தில் ஒரு மனிதர் நின்று, "எல்லாமா ஒடஞ்சிருக்கும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஜெயலெட்சுமி பார்த்த மாத்திரத்தில் கேட்டதை என்னிடம் கேட்க இவ்வளவு காலமும் யாரும் இருக்கவில்லை.

"கலந்திருக்கு மிஸ்" என்றார் டாக்டர். குரலை நன்றாகத் தணித்துத்தான் சொன்னார். "நல்லாவே கலந்திருக்கு. தனி இனம் இல்ல. பிலோசாவேதான். ஆனா இப்படி ஒரு வேறுபாடு இங்க இருக்கு எண்டு கண்டுபிடிச்சது பெரிய விசயம். எனக்கு ஒருநாளும் கண்ணில படல. நான் ஒரு சின்னக் குறிப்பு எழுதுறன், அதில உங்கட பெயரப் போடுறன்."

"சரி சேர்" என்றேன்.

"கவலப்படாதீங்க. எனக்கும் இப்படி ரெண்டு மூணு தரம் நடந்திருக்கு."

நடந்திருக்கும். அவருக்கு நடந்தபோது பக்கத்து மேசையில் ஒருத்தர் இருந்திருப்பார், தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், வீட்டில் சொல்ல ஒரு மனைவி இருந்திருப்பார். அதை நினைத்து எனக்கு அந்த நல்ல மனிதர்மேலேயே கோபம் வந்தது. அந்தப் பூண்டின் மேலும் வந்தது. தனியாக நிற்கிறது, யாரோடும் ஒட்டாமல் நிற்கிறது என்று நான்தான் நம்பினேன். அது அக்கம்பக்கத்தோடு சேர்ந்து பிள்ளை குட்டி பெற்று நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தனியாக நின்றது நான் மட்டும்தான்.

அவர் மூன்று குவியலிலிருந்தும் செடிகளை எடுத்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்துக் கட்டினார். லயத்தில் அவருக்காகக் கோழிக் கறி சமைத்திருந்தார்கள். மொனராகலையில் ஆட்கள் காத்திருப்பதாகச் சொல்லி ஒரு தேத்தண்ணியோடு விடைபெற்றார். எல்லோரிடமும் தனித்தனியாக நன்றி சொன்னார். இராமையா வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தே போய் வழியனுப்பினார்.

பெண்கள் படங்குகளை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கோவில் வெளிக் கல்லிலேயே இருந்தேன். ஜெயலெட்சுமி போகவில்லை. குவியல்களைக் கூட்டி ஒன்றாக்கிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒரே குவியலானது.

"டீச்சர், பேரு போடுறதா ஐயா சொன்னாரே, இனிமே ஒங்க செடிக்குப் பேரு வந்துருமா?"

"அதுக்குப் பேரு முன்னாடியே இருக்கு. அந்தப் பேருதான்."

"அப்ப நல்லதுதானே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டினாள். "நாங்க வெட்டாம இருந்திருக்கணும். அடுத்த தடவ யாராச்சும் வர்றதுன்னா முன்கூட்டியே சொல்லிருங்க டீச்சர். கேட்டுட்டுத்தான் கை வைப்போம்."

"யாரும் வர மாட்டாங்க ஜெயலெட்சுமி" என்றேன். "என்னைத் தேடி வர்றதுக்கு யாரும் இல்ல. எனக்கு அப்படி ஒருத்தரும் இல்ல."

அதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும், அப்படிச் சொல்லாதீங்க, இருப்பாங்க, வருவாங்க என்று ஏதாவது சமாதானம் வரும் என்று காத்திருந்தேன். அவள் மண்ணைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றாள். "அதுக்குத்தானே எல்லாருமா எறங்கி வெட்டுனோம்."